பனிப் பாலையில் அணையாத அடுப்பு



விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து மக்களாகிய நாங்கள் வெயிலை வாயாரத் திட்டுவோம். ஆனால் இரண்டு நாள் வானம் மூடிக்கொண்டால் எங்களைப் போல் கலங்குகிறவர்களும் இல்லை. என் அத்தா சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். மருந்து முக்கிய குச்சிகள் காய வேண்டும். பட்டாசு ஆலைகளில் திரியும் குழாயும் காய வேண்டும். இவற்றுக்கெல்லாம் காசு கொடுத்து வாங்காத எரிபொருள் வெயில்தான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் கூலியும் நிற்கும். அத்தா திண்ணையில் உட்கார்ந்து வானத்தைக் காட்டி, "அடுப்பு மேலதான் இருக்கு, தண்ணிய ஊத்தி அமத்திட்டாங்க" என்பார்.

மழையிலும் இரவிலும் அணையாத அடுப்பு எங்கேனும் உண்டா என்று சிறுவயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் என்ன பதில் சொன்னார் என்பது நினைவில் இல்லை. நாற்பத்தைந்து வயதில் அப்படிப்பட்ட அடுப்பு ஒன்றை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். அது இருக்கும் இடம் லடாக்கின் தென்கிழக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள பூகா பள்ளத்தாக்கு. மழை மிக அரிதான நிலம், புல்லுக்கும் பஞ்சம். பாலைவனம் என்றதும் நம் மனத்தில் சுடுமணலும் ஒட்டகமும் தோன்றும். இது குளிர்ப் பாலைவனம். குளிர்காலத்து இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை குளிர் இறங்கும் அந்த மண்ணில்தான் நீர் தானாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது.

போன காரணம்

எங்கள் மதரஸாவில் ஓதிவிட்டுப் பிறகு மின்னியல் டிப்ளமோ படித்த பழைய மாணவர் ஒருவர், மின்பாதை வேலைக்காக லே நகரத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். அவர் ஒருமுறை தொலைபேசியில், "ஹஜ்ரத், கடுங்குளிரில் தண்ணீரைச் சூடாக்க வழியில்லாதவனுக்குத் தயம்மும் உண்டு என்று பாடம் நடத்தினீர்களே, இங்கே ஓர் இடத்தில் அந்தச் சலுகையைக் கேட்கவே முடியாது, வந்து பாருங்கள்" என்றார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. 2024 ஜூன் மாதம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம், மதுரையில் விமானம் ஏறி டில்லி வழியாக லே போய்ச் சேர்ந்தேன்.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து நேரே அங்கே போய் இறங்குகிறவர் இரண்டு நாளாவது ஓய்வெடுக்க வேண்டும். நான் முதல் நாளே கடைத்தெருவைப் பார்க்கக் கிளம்பி, நூறு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கி, ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் உருதுவில் நலம் விசாரித்து உப்பிட்ட வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார். அதன் ருசி பழக நமக்கு ஒரு வாரமாவது ஆகும். லேயின் முஸ்லிம் குடும்பங்கள் பல, பழைய காஷ்மீரி, யார்க்கந்தி வணிகர்களின் வழிவந்தவை. அந்த வணிகப் பாதைகளில் கம்பளமும் பஷ்மினா ரோமமும் போனதை நாம் படித்திருக்கிறோம். இன்னொரு சரக்கும் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிந்து நதியின் ஓரமாக

லேயிலிருந்து பூகாவுக்குச் சுமார் 180 கிலோமீட்டர். உப்ஷி வரை மணாலிப் பாதை. அங்கே அதை விட்டுப் பிரிந்து சிந்து நதியின் கரையோடு மேல்நோக்கிப் போக வேண்டும். பள்ளிக்கூட வரைபடத்தில் நீலக்கோடாகப் பார்த்த சிந்து, சாம்பல் நிறத்தில் சினத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. இருபுறமும் ஒரு மரமும் இல்லாத மலைகள். அவற்றின் நிறம் கருஞ்சிவப்பு, ஊதா, பச்சை என்று வளைவுக்கு வளைவு மாறியது.

வழியில் சுமாதாங் என்ற சிற்றூரில் வண்டி நின்றது. ஆற்றங்கரையிலேயே வெந்நீர் ஊற்று. ஆற்று நீர் பனிக்கட்டியைத் தொட்டதுபோல் இருக்க, பத்தடி தள்ளிக் கரையில் ஆவி எழுகிறது. ஊர்க்காரர் ஒருவர் மூட்டுவலிக்காகக் கால்களை அதில் நனைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். நான் அங்கே ஒளுச் செய்தேன். நீரில் லேசான வாடை இருந்தது. மண்ணில் உள்ள தாதுவால் தானாக நிறமோ மணமோ மாறிய நீர் ஒளுவுக்கு ஆகும் என்று எத்தனையோ ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தச் சட்டம் எனக்கே பயன்பட்டது அன்றுதான்.

மாஹே பாலத்தில் சிந்துவைக் கடந்தால், சும்தோ வழியாகச் சிறு ஓடை ஒன்றின் பக்கமாகப் பாதை ஏறுகிறது. சாங்பா என்னும் மேய்ச்சல் குடிகளின் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி அங்கே இருக்கிறது. பெற்றோர் ஆட்டு மந்தையோடு மாதத்துக்கு ஓரிடம் என்று கூடாரம் மாற்றிக்கொண்டிருக்க, பிள்ளைகள் இங்கே தங்கிப் படிக்கிறார்கள். பிள்ளைகளோடு பிழைப்பு நடத்துகிறவனாகையால் அந்தக் கட்டிடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனேன்.

அதைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்தது. அகலம் ஒரு கிலோமீட்டர் இருக்கும். நீளம் பதினைந்து கிலோமீட்டர். தரையில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைப் பொருக்கு. ஆங்காங்கே மஞ்சள் திட்டு. நடுவில் பச்சைச் சதுப்பு. சதுப்பில் பல இடங்களில் உலை கொதிப்பதுபோல் நீர் குமிழியிட்டது. ஓரிடத்தில் நீரும் ஆவியும் சேர்ந்து மேலே பீறிட்டுக்கொண்டிருந்தன. தூரத்தில் காட்டுக் கழுதைகள் நான்கைந்து தலை நிமிர்த்தி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

கந்தக வாடை அடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சிவகாசியில் வளர்ந்த மூக்குக்குக் கந்தகத்தை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இது எங்கள் வாடை அன்று. எங்கள் ஊரில் வருவது கந்தகம் எரிந்த புகையின் நெடி. தொண்டையைக் கமறச் செய்யும். பூகாவில் வருவது அழுகிய முட்டையின் வாடை. தரைக்கடியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் வாடை அது என்றார் என் மாணவர். பொருள் ஒன்று, இங்கே எரிந்து வருகிறது, அங்கே வெந்து வருகிறது.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகையால் நீர் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை. 85 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பூகாவின் மிகச் சூடான ஊற்றுகள் 84 டிகிரியில் இருக்கின்றன. அதாவது, அந்த இடத்தில் நீர் எவ்வளவு சூடாக இருக்க முடியுமோ அவ்வளவு சூடு. இருந்தும் அதில் அரிசி போட்டால் வேகாது. சோறாக்கப் பிரஷர் குக்கர் வேண்டும். கொதிநீர் ஊற்றின் அருகே அமர்ந்து, வேகாத அரிசியைப் பற்றிப் பேசிச் சிரித்தோம்.

நம் ஊரில் ஏன் இல்லை?

திரும்பி வந்ததும் மதரஸாப் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி: "ஹஜ்ரத், நம்ம ஊர்லதானே சூடு ஜாஸ்தி? வெந்நீர் ஊத்து ஏன் அங்கே போய் இருக்கு?"

நல்ல கேள்வி. வெயிலின் சூடு மேல்தோலோடு சரி. சில மீட்டர் ஆழத்தில் கோடையும் குளிரும் தெரியாது. அதற்கும் கீழே போகப் போக வெப்பம் ஏறுவது பூமியின் சொந்தச் சூட்டினால். உலகில் பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை கூடும் என்பது கணக்கு. எங்கள் பக்கத்தில் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றில் வரும் நீர் லேசாக வெதுவெதுப்பாக இருப்பதை நீங்களும் உணர்ந்திருக்கலாம். தென்னிந்தியாவின் அடிப்பாறை மிகப் பழையது, ஆறி அடங்கியது. இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. அவையும் நீர் ஆழத்துக்கு இறங்கி மேலே வருவதால் சூடானவை; குளிக்க இதமான 40 டிகிரி அளவில் நிற்பவை. அந்தச் சூடு உடம்புக்கு ஆகும், இயந்திரத்துக்கு ஆகாது.

இமயத்தின் கதை வேறு. இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியத் தட்டோடு மோதிய இடம் அது. அந்த மோதலின் தையல் போட்ட விளிம்பு சிந்து நதியை ஒட்டியே செல்கிறது. மோதல் இன்னும் முடியவில்லை. அடியில் பாறை இன்னும் ஆறவில்லை. மலையில் உருகும் பனிநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடான பாறையைத் தொட்டு, வேறு வெடிப்புகள் வழியே மேலேறுகிறது. பூகாவின் இரு பக்கமும் அத்தகைய பெரும் பிளவுகள் எல்லை கட்டியிருக்கின்றன. இடையில் அகப்பட்ட நிலம்தான் இந்தக் கொதிகலன்.

வெண்காரம் வந்த வழி

சொல்லாமல் விட்ட சரக்கு இதுதான். பூகாவின் தரையில் நான் கண்ட வெள்ளைப் பொருக்கில் இருப்பது வெண்காரம். நம் பொற்கொல்லர்கள் பொன்னைப் பற்றவைக்கும்போது தொட்டுவைப்பது. நாட்டு மருந்துக்கடைகளில் பொட்டலமாகக் கிடைப்பது. சூடான நீர் பாறையிலிருந்து கரைத்துக் கொண்டுவந்து தரையில் விட்டுச் செல்லும் உப்பு அது. மேய்ச்சல் குடிகள் அதை வழித்தெடுத்து ஆடுகளின் முதுகில் ஏற்றி அனுப்ப, அது மலை இறங்கிச் சமவெளி எங்கும் போயிருக்கிறது. 1854இல் வெளிவந்த தமது லடாக் நூலில் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் பூகாவின் வெந்நீர் ஊற்றுகளையும் வெண்காரத்தையும் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளத்தாக்கில் கந்தகமும் தோண்டப்பட்டது.

இங்கே ஓர் ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தாலியில் லார்டெரெல்லோ என்ற ஊரிலும் இதே போன்ற ஆவி ஊற்றுகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கேயும் முதலில் எடுத்தது வெண்காரத்தின் இனத்தைச் சேர்ந்த போரிக் அமிலம்தான். அந்தத் தொழிற்சாலையின் உரிமையாளரான இளவரசர் ஜினோரி கோன்ட்டி, 1904இல் தரையிலிருந்து வந்த ஆவியைக் கொண்டு ஒரு சிறு இயந்திரத்தைச் சுழற்றிச் சில மின்விளக்குகளை எரியவைத்தார். 1913இல் அங்கே மின்நிலையமே இயங்கத் தொடங்கியது. பிறகு மற்ற நாடுகள் தொடர்ந்தன. இன்று இந்தோனேசியா பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. துருக்கியும் முன்வரிசையில் உள்ளது. ஆப்பிரிக்காவில் கென்யாவின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி இந்த வழியில் வருகிறது. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகள் தரைக்கடி வெந்நீரால் சூடேற்றப்படுகின்றன.

இவ்வளவு தூரம் போவானேன்? அதே இமயப் பட்டையில், பூகாவுக்குச் சமமான உயரத்தில், திபெத்தில் யாங்பாஜிங் என்ற இடத்தில் 1977இல் ஒரு மெகாவாட் இயந்திரம் ஓடத் தொடங்கியது. பிறகு அது 25 மெகாவாட் நிலையமாக வளர்ந்து லாசா நகரத்துக்கு மின்சாரம் அனுப்பியது.

ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு

நம் நாட்டில் இது யாருக்கும் தெரியாத செய்தி அன்று. வெந்நீர் ஊற்றுகளை ஆராய மத்திய அரசு அமைத்த குழு 1968இலேயே அறிக்கை தந்துவிட்டது. 1970களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பூகாவில் 34 துளைகள் போட்டது. ஆழமானது ஏறத்தாழ 385 மீட்டர். அவற்றில் 17 துளைகள் நீரும் ஆவியுமாகப் பொங்கின. உச்ச வெப்பம் 140 டிகிரி. எல்லாம் சேர்ந்து மணிக்கு 190 டன் வெந்நீரும் ஆவியும். குடம் குடமாக நீர் வாங்கிப் பழகிய விருதுநகர்க்காரனுக்கு இது எப்படித் தோன்றும் தெரியுமா? 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள், மணிக்குப் பதினாறு! அதுவும் கொதிக்கக் கொதிக்க!

அந்த நாளிலேயே ஒரு சிறு குடிலை இந்த வெந்நீரால் சூடேற்றிப் பார்த்தார்கள். வெண்காரத்தையும் கந்தகத்தையும் இதே சூட்டில் சுத்திகரித்துப் பார்த்தார்கள். சோதனைகள் வென்றன. வென்ற சோதனைகள் கோப்புக்குப் போயின.

பின்னர் 2021 பிப்ரவரியில், எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் ஆற்றல் மையம், லடாக் நிர்வாகம், லே மலைப்பகுதித் தன்னாட்சி மன்றம் ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முதல் படியாக ஒரு மெகாவாட் மாதிரி நிலையம். அடுத்து ஆழ்ந்த ஆய்வு. அதன்பின் வணிக அளவு. நாட்டின் முதல் புவிவெப்ப ஆற்றல் கொள்கையும் 2025 செப்டம்பரில் வெளிவந்தது. ஒரு மெகாவாட் என்றால் எவ்வளவு? நம் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் திறன் 1,050 மெகாவாட். பக்கத்துக் கமுதியின் சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். அவற்றோடு வைத்தால் இது குத்துவிளக்கின் ஒரு திரி. ஆனால் கமுதி மாலையில் கண்ணயர்ந்துவிடும். தூத்துக்குடிக்கு ஓயாமல் நிலக்கரி கொட்ட வேண்டும். இந்தத் திரிக்கு இரண்டும் இல்லை.

பூகாவில் மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சில மெகாவாட் என்பாரும், நூற்றுக்கு மேல் என்பாரும் உண்டு. நாடு முழுவதற்கும் 10,600 மெகாவாட் என்ற ஒரு மதிப்பீடு பரவலாக எடுத்துச் சொல்லப்படுகிறது. தாளில் உள்ள மெகாவாட்டில் யாரும் கை காய முடியாது. ஆழத் துளையிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆகவே அந்தப் பெரிய எண்ணை வைத்து மகிழ எனக்கு மனமில்லை.

வண்டியில் நடந்த வாக்குவாதம்

திரும்பும் வழியில் எனக்கும் என் மாணவருக்கும் வாக்குவாதம் மூண்டது. நான் கலைப் பட்டதாரி. அவர் கம்பியோடு வாழ்கிறவர். மின்சாரம் எடுக்கும் முறையை அவர் விளக்கினார். வெந்நீர் தன் சூட்டை, எளிதில் ஆவியாகும் வேறொரு திரவத்துக்குக் கொடுக்கும். அந்தத் திரவத்தின் ஆவி சக்கரத்தைச் சுழற்றும். பிறகு அது குளிர்ந்து மறுபடி திரவமாகி அதே சுற்றில் வரும். வெளியே குளிர் கூடக் கூட ஆவி நன்றாகக் குளியும்; வேலையும் கூடும். இந்த வகையில் லடாக்கின் குளிர் ஒரு சொத்து.

"சூட்டில் எத்தனை பங்கு மின்சாரமாகும்?" என்று கேட்டேன்.

"இந்த அளவு சூட்டுக்கு நூற்றில் பத்து, பன்னிரண்டு கிடைத்தாலே பெரிது ஹஜ்ரத்."

"மீதி?"

"வீண்தான்."

"அப்படியானால் சூட்டைச் சூடாகவே கொடுத்துவிட்டால் என்ன? குளிரில் நடுங்குகிறவனுக்கு முதலில் வேண்டியது பல்பா, வெந்நீரா?"

அவர் உடனே ஒரு கணக்குப் போட்டார். அந்த 190 டன் நீர் 40 டிகிரி ஆறினால் வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 9 மெகாவாட். அதே நீரிலிருந்து மின்சாரம் என்றால் ஒரு மெகாவாட் தேறுவதே பாடு. கணக்கு என் பக்கம் இருப்பதாக நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது அவர் சொன்னார்: "ஆனால் ஹஜ்ரத், சூட்டைக் கம்பியில் அனுப்ப முடியாது. அந்தப் பள்ளத்தாக்கில் வீடு எத்தனை பார்த்தீர்கள்? லே 180 கிலோமீட்டர். குழாயில் அனுப்பினால் பாதி வழியில் பனிக்கட்டியாகிவிடும்."

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. 2019இல்தான் ஸ்ரீநகரிலிருந்து மலைகளைத் தாண்டி வந்த உயர் அழுத்த மின்பாதை லேயை நாட்டின் மின்கட்டமைப்போடு இணைத்தது. அதற்கும் அப்பால், எல்லையோரச் சிற்றூர்கள் நெடுங்காலம் டீசல் ஜெனரேட்டரையும் சிறு சூரியத் தகடுகளையும் நம்பியே இருந்தன. அவர்களுக்குக் கம்பியும் வேண்டும்தான். யோசித்துவிட்டுச் சொன்னேன்: "மின்சாரம் எடுத்த பிறகும் நீர் சூடாகத்தானே வெளியே வரும்? அதைப் பள்ளிக்கூடத்துக்கும் பசுமைக்குடிலுக்கும் சுற்றிவிட்டு, பிறகு மண்ணுக்குள் திருப்பி அனுப்பினால்?" அவர் சிரித்தார். அப்படிச் செய்கிற நாடுகள் இருக்கின்றன என்றார். பிறகு ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கடிந்துகொண்டேன்.

நீரைத் திருப்பி அனுப்புவது என்று சொன்னேன் அல்லவா? அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான அச்சம். 2022 ஆகஸ்டில் துளையிடும்போது அழுத்தத்தோடு வெளிவந்த திரவம் பூகா ஓடையில் கலந்துவிட்டது. பணி நிறுத்தப்பட்டது, நீர் மாதிரிகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. வேலை பின்னர் தொடர்ந்தது என்றாலும் அந்த நிகழ்ச்சியை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆழத்து நீரில் வெண்காரச் சத்து மட்டுமன்றி ஆர்சனிக் போன்ற நஞ்சும் கரைந்திருக்கக்கூடும். அந்த ஓடை சிந்துவில் போய்ச் சேர்கிறது. அதன் சதுப்பில் லடாக்கின் மாநிலப் பறவையான கருங்கழுத்துக் கொக்கு வாழ்கிறது. சாங்பா மக்களின் ஆடுகள் அந்தப் புல்லை மேய்ந்துதான் பஷ்மினா ரோமம் தருகின்றன. நம் வீட்டுத் திருமணங்களில் மணமகன் தோளில் ஆசையோடு போர்த்தும் சால்வையின் தொடக்கம் அந்தப் புல்.

ஓர் இடத்து நெருப்பை நம்பிப் பிழைக்கும் மக்களின் கதையை நாங்கள் அறிவோம். எங்கள் வட்டாரத்துக்கு அந்த நெருப்பு சோறு போட்டிருக்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்ததையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். மருந்து அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்ற விதிகள் எங்கள் ஆலைச் சுவர்களில் எழுதித்தான் இருக்கின்றன. ஆகவே "பாதுகாப்பாகச் செய்வோம்" என்று தாளில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, யார் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று என் மனம் கேட்கிறது. துளை போடுவதற்கு முன் ஆட்டு மந்தைக்காரரிடம் கேட்க வேண்டும். ஓடை நீரை மாதந்தோறும் சோதித்து, முடிவை அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

இதை எழுதும் வரை பூகாவிலிருந்து ஒரு யூனிட் மின்சாரமும் கம்பி ஏறவில்லை.

கேன் சுமந்த பிள்ளைகள்

பள்ளத்தாக்கை விட்டுக் கிளம்புமுன் கண்ட ஒரு காட்சி. ஓடையின் மறுகரையில் யாக் ரோமத்தால் நெய்த இரண்டு கருங்கூடாரங்கள். அங்கிருந்து ஒரு சிறுமியும் அவளைவிடச் சிறிய பையனும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கேனோடு இறங்கி வந்தார்கள். சிறுமி மிகச் சூடான ஊற்றின் பக்கம் தம்பியை விடவில்லை. அவனைத் தள்ளி நிறுத்திவிட்டு, சற்று ஆறிய ஓடைநீரைக் கிண்ணத்தால் மொண்டு கேன்களை நிரப்பினாள். குடிப்பதற்கா என்று எங்கள் ஓட்டுநர் அவர்கள் மொழியில் கேட்டார். இல்லை, பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் என்றாள். குடிநீர் வேறு ஓடையிலிருந்து வருகிறதாம். நிரம்பிய கேனைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பையன் மேடேறினான். ஜூன் மாதத்து வெயிலிலேயே அப்படி என்றால், தை மாதத்தில் அந்தக் கேன் அவனுக்கு எவ்வளவு பெரிய உறவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

விருதுநகர் வந்து சேர்ந்த மறுநாள், நாட்டு மருந்துக்கடையில் பத்து ரூபாய்க்கு வெண்காரம் வாங்கி மதரஸாவுக்கு எடுத்துப் போனேன். பிள்ளைகள் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பூகாவின் கதையைக் கேட்டார்கள். கேன் சுமந்த பையனைப் பற்றிச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. மளிகைக் கடைக்காரரின் மகன் ஒருவன் மட்டும் கையைத் தூக்கினான்.

"ஹஜ்ரத், ஊத்துலேர்ந்து கூடாரம் வரைக்கும் ஒரு குழாய் போட்டா எவ்வளவு ஆகும்?"

கூடாரம் இடம் மாறிக்கொண்டே இருக்குமே என்றேன். அப்படியானால் பள்ளிக்கூடம் வரைக்கும் என்றான். அன்றிரவு லேயில் இருந்த என் மாணவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். தூரம் எவ்வளவு, குழாய் எத்தனை அங்குலம், குளிர் தாங்க மேலே என்ன சுற்ற வேண்டும், நீரில் உள்ள உப்பு உள்ளே படிந்து எத்தனை நாளில் அடைக்கும் என்று அவர் திருப்பி என்னையே நான்கு கேள்வி கேட்டார். பிறகு, கணக்குப் போட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தப் பையன் வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டிக்கொண்டிருக்கிறான்.